ஜன்னலோரம் வைத்த போன்

கண்ணு,

கூட்டுரோட்டில் உன் பேனரைக் கட்டிவிட்டார்கள். நேற்று காய்கறி வாங்கப் போனபோது பார்த்தேன். பள்ளிக்கூட மாடியில் நீ இன்டர்நெட் எடுக்கிற அந்த வெள்ளைத் தட்டை வானத்தைப் பார்த்துத் திருப்பிக்கொண்டிருக்கிற படம். ‘கடல் கடந்து சேவை செய்யப் போகும் எங்கள் ஊர் மைந்தனே’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. உன் முகத்தைவிட உன் பெரியப்பா முகம் பெரிதாக இருக்கிறது. கீழே வரிசையாகப் பதினாலு தலைகள், அத்தனையும் நம் தெரு ஆட்கள். செஞ்சி பஸ்ஸுக்கு நின்றிருந்தவர்கள் என்னைப் பார்த்து, நீங்கள் கொடுத்து வைத்தவர்கள் டீச்சர் என்றார்கள். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்கூட வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

போன வாரம் நீ போன் செய்தபோது ஒரு விஷயம் சொன்னாய். போர் நடக்கிற இடங்களிலும், வெள்ளமோ பூகம்பமோ வந்த இடங்களிலும், முகாமில் இருக்கிற ஜனங்களுக்கு இன்டர்நெட்டும் போனும் ஏற்பாடு செய்து கொடுக்கிற அந்த வேலைக்கு உன்னை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று. நேர்காணலில் வெண்ணிலா கதையைச் சொன்னாயாம். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மாடியில் வைத்த ஒரு தட்டால் ஒரு பெண்ணின் உயிர் பிழைத்தது என்று சொன்னதும், கேட்டவர்கள் கை தட்டினார்களாம். நீ சந்தோஷமாகச் சொன்னாய். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கதை பொய் இல்லை. ஆனால் அதில் பாதியை நான் தின்றுவிட்டேன். போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஒளித்துவைக்கச் சொல்லமாட்டேன்.

அந்தக் கார்த்திகை மழை உனக்கு நினைவிருக்கும். சங்கராபரணியில் தண்ணீர் வந்தால் வேடிக்கை பார்க்கப் போகிற ஊர் நம் ஊர். அந்த முறை ஆறு நம்மை வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. மத்தியானத்துக்குள் கழனி தெரியவில்லை, சாயங்காலத்துக்குள் தெரு தெரியவில்லை. கரண்டு போயிற்று, போனில் இருந்த கோடுகளும் ஒவ்வொன்றாகப் போயின. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்த இடம், எந்தச் சாவி எங்கே தொங்கும் என்று எனக்குத்தான் தெரியும். ஊர் ஜனங்கள் மாடிக் கட்டடத்துக்குள் போனார்கள். காலனி ஜனங்கள் மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய ஓட்டுக் கட்டடத்துக்குப் போனார்கள். யாரும் அப்படிப் போகச் சொல்லவில்லை. யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஓட்டுக் கட்டடத்தின் பூட்டைத் திறந்துவிட்டவள் நான். மேலே இரண்டு இடத்தில் ஒழுகும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில், கம்பெனியில் கேட்டு வாங்கிய தட்டோடு நீ டிராக்டரில் வந்து இறங்கினாய். உன்னோடு வந்த இரண்டு பேர் தட்டை மாடிக்குத் தூக்கிப் போனார்கள். பந்தல்காரர் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். ஐந்தாம் வகுப்பு அறையில் அந்தச் சின்னப் பெட்டியை வைத்துப் பச்சை விளக்கு எரிந்ததும் கிழவர்கள்கூடக் கை தட்டினார்கள். நீ கரும்பலகையில் பெயரையும் பாஸ்வேர்டையும் பெரிதாக எழுதினாய். ஒரே நேரத்தில் இத்தனை போன்தான் தாங்கும், முதலில் ஆட்களைத் தேடுகிறவர்கள் பேசட்டும், ஆளுக்குப் பத்து நிமிஷம், வீடியோ வேண்டாம் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாய். அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டாய். “இதுவும் சோறு மாதிரிதாம்மா. யாருக்கும் இல்லன்னு சொல்லிடாத. உனக்கு நான் சொல்லணுமா இன்னா?” என்றாய். என் பிள்ளை என்னை எவ்வளவு நம்புகிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

நீ போன அரைமணி நேரத்துக்குள் அந்த அறை எப்படி ஆனது என்று நீ பார்க்கவில்லை. முதலில் வெளியே போனது எது தெரியுமா? உன் பெரியப்பா பிரெட் பாக்கெட் கொடுக்கிற படம். ஒரே பாக்கெட்டை மூன்று பேர் கையில் மாற்றி மாற்றிக் கொடுத்து எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் அவர்களில் ஒரு கிழவியிடமிருந்து பாக்கெட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அவள் ஏற்கெனவே ஒன்று வாங்கிவிட்டாளாம். அதை ஸ்டேட்டஸில் வைத்து, யார் யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார். இளவட்டங்கள் கோட்டை மலையைச் சுற்றித் தண்ணீர் நிற்பதைப் படம்பிடித்துப் பாட்டுச் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி முந்தின நாள் விட்டுப்போன சீரியலைப் பார்த்தாள். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில்கூட ஒரு ஒழுங்கு இருக்கும். ஆட்களைத் தேடுகிறவர்கள் முதலில் என்று நீ சொன்னது சுவரில் பட்டுக் கீழே விழுந்துவிட்டது. அதை எடுத்துச் சொல்லவேண்டியவள் நான். நான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன், ஏதோ நானே அதைக் கண்டுபிடித்தவள் போல.

மத்தியானம் காலனிப் பையன்கள் நாலைந்து பேர் உள்ளே வந்து பலகையைப் பார்த்துப் போட்டுக்கொண்டு ஒரு மூலையில் உட்கார்ந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஒருவன் நர்சிங் படிக்கிறான், இன்னொருவன் திண்டிவனத்தில் வேலை பார்க்கிறான். எல்லாரும் என்னிடம் சோறு தின்றவர்கள்தான். பெரியப்பா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். பொம்பளைங்க படுக்கிற இடத்தில் அவர்கள் வந்து உட்காருவது சரியில்லை, அவர்கள் வந்ததிலிருந்து ஸ்பீடு போய்விட்டது, பலகையில் எழுதிவைத்தால் ஊர் உலகமே வந்து நிற்கும் என்று சொன்னார். ஸ்பீடு போனது அவர் வீடியோவால் என்று எனக்குத் தெரியும். நம் கழனிக்குத் தண்ணீர் அவர் கிணற்றிலிருந்து வருகிறது, உன் நைனா போன பிறகு அவர் பேச்சைத் தட்டமுடியாது என்று நான் இங்கே ஒரு சாக்கு எழுதலாம். எழுதமாட்டேன். ஈரத் துணியை எடுத்துக்கொண்டு போய் நானே பலகையை அழித்தேன். பையன்களிடம் அதிகாரி பேசவேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லி, போனில் போட்டிருந்ததையும் அழிக்கவைத்து எழுப்பினேன். அவர்கள் எதுவும் கேட்காமல் எழுந்து போனார்கள். அப்படி எழுந்து போக அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். இனிமேல் காலனியில் யாருக்காவது பேசவேண்டுமென்றால் மூன்று மணிக்கு மேல் ஜன்னலுக்கு வந்து போனைக் கொடுக்கட்டும், நானே போட்டுத் தருகிறேன் என்று ஒரு சட்டம் போட்டேன். நியாயமான ஏற்பாடு என்றுகூட அன்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கே மூன்று மணிக்கு அஞ்சலை வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். உனக்குத் தெரியும், நம் கழனியில் களையெடுக்க வருவாளே, வெண்ணிலாவின் அம்மா. மடியிலிருந்து போனை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தாள். வெண்ணிலா வாங்கிக் கொடுத்த போன், கண்ணாடி உடைந்து ரப்பர்பேண்டு போட்டிருந்தது, ஈரம், வெற்றிலைக் கறை. “டீச்சர், ஒரு தபா போட்டுக் குடுங்க. பொண்ணு ஆத்துக்கு அந்தாண்ட இருக்குது, எட்டு மாசம். இன்னா ஆச்சின்னே தெரியல” என்றாள். பின்னால் அறை நிறைய நம் தெருப் பெண்கள். போனை எடுக்க நான் கையை நீட்டினேன், கை பாதியிலேயே நின்றுவிட்டது.

கண்ணு, இதை உன்னிடம் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. இருபத்திரண்டு வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து சோறு போட்டவள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர். நீயும் அதைப் பெருமையாகச் சொல்வாய். சிலருடைய தட்டில் மட்டும் கரண்டி படாமல் ஒரு சாண் மேலேயிருந்து போடுவேன் என்பதை யாரும் கவனித்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். சோற்றை மேலேயிருந்து போடலாம். போனில் பாஸ்வேர்டை மேலேயிருந்து போடமுடியாது. கையில் எடுக்கவேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும், விரலால் ஒவ்வொரு எழுத்தாக அழுத்தவேண்டும். அத்தனை பேர் பார்க்க அந்த மடிப் போனை எடுக்க எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்னைப் பெற்ற உடம்பில்தான் அந்த அருவருப்பும் இருந்தது. சார்ஜ் இல்லை, ஏற்றிக்கொண்டு நாளைக்கு வா என்றேன். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். பாதிக்கு மேல் இருந்தது. நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மறுபடியும் வந்தாள். அப்போது நான் பெங்களூரில் இருக்கிற உன் சித்தியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். மைதானத்தில் நிற்கிற தண்ணீரையும், நான் படுத்திருந்த பெஞ்சையும், நம் மாடு கட்டியிருந்த இடத்தையும் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். அவள் அங்கிருந்து அழுதாள், நானும் கொஞ்சம் அழுதேன். எனக்கு நன்றாக இருந்தது. நாற்பது நிமிஷம் பேசியிருப்பேன். அவ்வளவு நேரமும் அஞ்சலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பேசி முடித்துவிட்டு, லைன் ரொம்ப மெதுவாக இருக்கிறது, மூன்று மணிக்கு மேல்தானே வரச் சொன்னேன் என்றேன். சரி டீச்சர் என்று போய்விட்டாள்.

மூன்று மணிக்கு நிவாரண லாரி வந்தது. எல்லாரும் பாய்க்கும் பாலுக்கும் ஓடினார்கள், அறை காலியாயிற்று. அஞ்சலை லாரிக்குப் போகவில்லை, ஜன்னலுக்கு வந்தாள். பார்க்க யாரும் இல்லை. உடனே என் கை நீண்டது, எந்தக் கூச்சமும் இல்லாமல் போனை எடுத்தது, கடகடவென்று எழுத்துகளை அழுத்தியது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பச்சைக் கோடுகள் வந்ததும் அந்தப் போன் டிங் டிங் என்று அடிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பதினேழு வாய்ஸ் மெசேஜ். வெண்ணிலா இருந்த பக்கம் டவர் கொஞ்சம் உயிரோடு இருந்திருக்கிறது. கால் போகாமல் மெசேஜ் மட்டும் விட்டு விட்டுப் போயிருக்கிறது. எல்லாம் எங்கேயோ காத்துக்கொண்டிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்தன.

அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது. போனை ஜன்னல் கட்டையில் வைத்து ஒவ்வொன்றாக அழுத்தினாள், நானும் கேட்டேன். முதலாவதில் தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். நாலாவதோ ஐந்தாவதோ, “ம்மா, நானும் அத்தையும் மாட்டாஸ்பத்திரி மாடில இருக்கறோம். யாருனா கைல சொல்லி படகு அனுப்பச் சொல்லு” என்றாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள், மழை நிற்கவில்லை என்றாள், ஏம்மா பதிலே இல்லை, கோபமா என்று கேட்டாள். “வயிறு வலிக்குதும்மா. நேத்துலேருந்து உள்ள அசையவே மாட்டேங்குது” என்றது பதிமூன்றாவது. கடைசியில் வந்ததில் பேச்சே இல்லை. மழைச் சத்தம் மட்டும் இருந்தது. அஞ்சலை அதை முழுவதும் கேட்டுவிட்டுத்தான் அலறினாள்.

மீட்புப் படகு முந்தின நாளிலிருந்து பள்ளிக்கூட வாசலில்தான் நின்றது. எங்கிருந்து தகவல் வந்தாலும் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெண்ணிலா இருந்த ஊரிலிருந்து ஒரு தகவலும் இல்லை, அதனால் எல்லாரும் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள் என்று நினைத்திருந்தார்கள், அஞ்சலை போய்க் கேட்டதற்கும் அதையே சொன்னார்களாம். நான் ஓடிப்போய்ச் சொன்னேன், உடனே கிளம்பினார்கள். இருட்டுவதற்குள் வெண்ணிலாவையும் மாமியாரையும் கொண்டுவந்து ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். வெண்ணிலா பிழைத்தாள். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது, பெண் குழந்தை. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்து, அஞ்சலையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். நீ திரும்பி வந்தபோது நம் தெருவே கூடி, உன் பெட்டியால்தான் ஒரு உயிர் தப்பியது என்று சொன்னது. பெரியப்பா உன் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். அப்போது நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் உன் தலையைத் தடவிக்கொண்டு நின்றேன்.

நேற்று அந்தப் பேனரைப் பார்த்துவிட்டு வந்து தண்ணீர் குடித்தேன், அப்படியே காலனிக்கு நடந்தேன். இத்தனை வருஷத்தில் அஞ்சலை வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனது அதுதான் முதல் தடவை. விதைக்கடலைக்கு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள், தோலும் பருப்பும் இரண்டு முறத்தில் தனித்தனியாக இருந்தன. நானும் கீழே உட்கார்ந்தேன். பலகையை அழித்தது, சார்ஜ் இல்லை என்று சொன்னது, அவள் போனைத் தொட அருவருப்பாக இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. “தெரியும் டீச்சர். நீங்க பலகையத் தொடைக்கறப்போ நான் ஜன்னலாண்டதான் நின்னுக்கினு இருந்தேன்” என்றாள். பிறகு ஏன் கத்தவில்லை, யாரிடமாவது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன், என்னவோ அதுவும் அவள் தப்பு மாதிரி.

“கத்தியிருந்தா மறுநாள் ஜன்னலாண்டகூட வுட்டிருக்க மாட்டீங்களே” என்றாள்.

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது, தம்பிக்கு இது தெரியுமா என்று கேட்டாள். இல்லை என்றேன். “சொல்லிடுங்க” என்றாள். அவ்வளவுதான் பேசினோம். வருகிற வழியில் பெரியப்பா வீட்டில் நின்று, ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா வேண்டாம் என்று சொன்னேன். பழசை எல்லாம் எதற்குக் கிளப்புகிறாய், பெண் பிழைத்துவிட்டாள் இல்லையா என்றார். பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டதாம். அவர் பேரன் அப்போதும் என்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அந்தத் தெருவில் நடக்கவே எனக்குக் கூசுகிறது, ஆனால் அந்தத் தெருவிலேயே மோசமானவள் நான்தான் என்பதும் எனக்குத் தெரியும். அவர்களாவது பெருமைக்கு அலைகிறவர்கள். நான் நல்லவள் என்ற பெயரை வைத்துக்கொண்டு செய்தவள்.

ஞாயிற்றுக்கிழமை நீ விழாவுக்கு வராதே. ஊருக்கு வா, நேரே அஞ்சலை வீட்டுக்குப் போ. அந்தப் பதினேழையும் அவள் அழிக்கவில்லை. அவள் சம்மதித்தால் உட்கார்ந்து கேள், கேட்காமல் விமானம் ஏறாதே. இனி எங்கேயும் அந்தக் கதையைச் சொல்லவேண்டி வந்தால் முழுசாகச் சொல், உன் அம்மா பெயரோடு சொல். கை தட்டமாட்டார்கள், பரவாயில்லை.

உன் வேலை எனக்குத் தெரியாது. தட்டை எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று நான் சொல்லமுடியாது. ஆனால் ஒரு முகாமுக்குள் போனதும் யார் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள், அப்படிப் பிரித்தது யார் என்று முதலில் கேள். ஒழுகுகிற கட்டடத்தில் இருக்கிறவர்கள் பக்கம் பெட்டியை வை. வசதியானவர்கள் எப்படியும் நடந்து வருவார்கள், வந்து சண்டையும் போடுவார்கள். பாஸ்வேர்டை யார் துணியும் எட்டாத இடத்தில் எழுது. வரிசையில் நிற்கிறவர்களை எண்ணிவிட்டுத் திருப்தியாகக் கிளம்பிவிடாதே, வரிசைக்கே வராதவர்களைத் தேடிப் போ. ஒரு நாள் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும், நீ போட்ட லைனில் கடைசி ஆள் பேசி முடிக்கிறவரை அங்கேயே இரு.

ஏனென்றால் நீ போகிற ஊரிலும் உன் அம்மா இருப்பாள். வேறு பாஷை பேசுவாள், வேறு மாதிரி உடுத்தியிருப்பாள். ஊரில் எல்லாரும் அவளை நல்லவள் என்பார்கள். உனக்குச் சூடாக ஏதாவது சாப்பிடக் கொடுத்து, களைத்துப் போயிருக்கிறாயே என்று உன் முகத்தைத் துடைத்துவிட்டு, நீ போய் வா, இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்பாள். உனக்குக் கண் கலங்கும். அவளை நம்பாதே, கண்ணு.

அம்மா